பழைய ராணுவத் துப்பாக்கி: முத்திரைகளைப் படித்து, செய்த பட்டறையைக் கண்டுபிடிப்பது

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழைய வீடுகளின் மச்சிலோ கூரைக்கழிக்கு இடையிலோ இருந்து இறங்கும் தோக்கு (துப்பாக்கி) ஒவ்வொன்றிலும் பத்துக்குக் குறையாத முத்திரைகள் இருக்கும். அவற்றில் செய்தவர் பெயர் ஒன்றோ இரண்டோதான். மீதி எல்லாம் வாங்கியவர், சோதித்தவர், வெடித்துப் பார்த்துத் தேர்ச்சி கொடுத்தவர், பழுது பார்த்தவர் ஆகியோர் குத்தியவை. இந்த நான்கு கைகளையும் தனித்தனியே பிரித்து எடுத்த பிறகுதான் செய்தவர் பெயரைப் பார்க்க வேண்டும். முதலில் கண்ணில் படும் பெரிய எழுத்தைத் தயாரிப்பாளர் என்று எழுதிவிடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

கையில் எடுப்பதற்கு முன் காகிதம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, பழைய மாதிரியாகவோ தொன்மை மதிப்புள்ளதாகவோ பழுதாகவோ இருந்து, சரிசெய்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு விலக்குத் தருகிறது. ‘சரிசெய்தாலும்’ என்ற சொல்தான் அதில் முக்கியம். குதிரை (விசையை இழுத்தால் சுத்தியல் போல் அடிக்கும் பாகம்) ஒடிந்திருப்பதால் மட்டும் விலக்கு வந்துவிடாது. இந்த முடிவை வீட்டுக்காரர் தானாக எடுக்கக் கூடாது. உரிமம் இல்லாத துப்பாக்கி கிடைத்தால் முதலில் காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்து, அங்கே பதிந்த பிறகே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ மண்ணில் கிடைத்தது என்றால் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது.

குழல் காலியா?

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளில் மருந்தும் குண்டும் நிரம்பிய நிலையிலேயே சுவரில் மாட்டப்பட்டவையும் உண்டு. கரிமருந்து நூறு ஆண்டு கழித்தும் உலர்ந்திருந்தால் பற்றும். ஆகவே இந்தச் சோதனையை எவ்வளவு அவசரமானாலும் விடக்கூடாது.

குழலைவிட நீளமான, வளையாத மூங்கில் குச்சி ஒன்று எடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். குழல்வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ வைக்காமல், பக்கவாட்டில் நின்று குச்சியை மெல்ல இறக்குங்கள். அது நிற்கும் இடத்தில் குழல்வாய் விளிம்பை ஒட்டிக் குச்சியில் பென்சில் கோடு போடுங்கள். பிறகு குச்சியை வெளியே எடுத்து, கோடு குழல்வாயில் இருக்குமாறு குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி தீத்துளைக்கு (குழலின் பின்முனையில் மருந்துக்குத் தீ போகும் சிறு துளை) அருகில் வந்தால் காலி. 3 சென்டிமீட்டருக்கு மேல் முன்னாலேயே நின்றால் உள்ளே மருந்தும் குண்டும் இருப்பதாகவே கொள்ள வேண்டும். குளவி கட்டிய மண்ணாகவும் இருக்கலாம், ஆனால் அதைத் தோண்டிப் பார்க்கும் வேலை நம்முடையது அல்ல. சூடாக்குவது, துளையிடுவது, தட்டுவது எதுவும் செய்யாமல் வேலையை நிறுத்திக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். குதிரைக்குக் கீழே செம்பு கேப் (அடித்தால் வெடித்துத் தீ கொடுக்கும் சிறு மூடி) ஒட்டியிருந்தாலும் இதே முறைதான். அதை நெம்பி எடுக்கக் கூடாது.

போல்ட் வகை ரைபிளில் வேலை எளிது. மேகசினைக் கழற்றி, போல்ட்டை உருவி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

அழுக்கை எடுப்பது

நம் ஊரில் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது துப்பாக்கிக்கும் உண்டு. ஆண்டுதோறும் வைத்த சந்தனம் முத்திரைக் குழிகளில் சிமென்ட் போல இறுகி, அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரங்களில் உப்புக் காற்றும் சேர, சந்தனம் இருந்த இடத்தில்தான் துருவும் ஆழமாக இருக்கும். எழுத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தத் துரு அல்ல, அதைப் போக்க எடுத்துக்கொண்ட உப்புத்தாளும் கம்பி பிரஷும்தான். உப்புத்தாள் ஒருமுறை ஓடினால் 0.1 மில்லிமீட்டர் ஆழமே உள்ள சோதனை முத்திரை போனது போனதுதான். பித்தளைப் பாகத்தைப் புளி போட்டு விளக்கக் கூடாது, அதன் அமிலம் எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடும்.

தேவையானவை கொஞ்சம்தான்: மண்ணெண்ணெய் 100 மில்லி, பழைய பருத்தி வேட்டித் துணி, மென்மையான பல்துலக்கி, தையல் மெஷின் எண்ணெய், பத்துப் பன்னிரண்டு ஈர்க்கில். மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து முத்திரை மேல் அரை மணி நேரம் போட்டு வைக்க வேண்டும். பிறகு ஈர்க்கிலின் நுனியைச் சீவி, எழுத்தின் குழியோடு குழியாக இழுத்தால் இறுகிய சந்தனம் பொடிப்பொடியாக வரும். ஈர்க்கில் இரும்பைக் கீறாது, நுனி மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம். ஒரே நாளில் முடியாவிட்டால் மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். முதலாவது காறிப்போய்ப் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும், இரண்டாவது காய்ந்து பிசின் போல் ஒட்டும்.

படிப்பது

அறையை இருட்டாக்கி, டார்ச்சை உலோகப் பரப்போடு கிட்டத்தட்டப் படுத்தவாறு பிடியுங்கள். பத்துப் பதினைந்து பாகைக்கு மேல் சாய்வு வேண்டாம். ஒரே முத்திரையை மேல், கீழ், இடம், வலம் என நான்கு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் கொடுத்து நான்கு படம் எடுங்கள். ஒரு பக்க வெளிச்சத்தில் ‘பி’ போலத் தெரியும் ஆங்கில எழுத்து, எதிர்ப்பக்க வெளிச்சத்தில் ‘ஆர்’ என்று தெளிவாகும். ஒவ்வொரு படத்திலும் 15 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல் தெரிய வேண்டும். படத்திலும் தெளியாததற்கு மெல்லிய வெள்ளைத்தாளை வைத்து 2பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்துப் பிரதி எடுக்கலாம். எழுத்துகளுக்குள் வெள்ளைப் பெயின்ட் ஊற்றிவிட்டால் அதை எடுக்க முடியாது. அதற்குப் பதில் முகப்பவுடரைத் தூவித் துடைத்தால் குழியில் மட்டும் தங்கும். படம் எடுத்ததும் துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள்.

இன்னொரு சோதனை: ஸ்கேலின் விளிம்பை முத்திரைக்குக் குறுக்கே நிறுத்தி, பின்னால் டார்ச் அடியுங்கள். அடியில் வெளிச்சம் கசிந்தால் அந்த இடம் அரம் போட்டுக் குறைக்கப்பட்டிருக்கிறது. பழைய எழுத்தை அழித்துப் புதியது குத்தியிருக்கிறார்கள். அது டிப்போவில் முறையாகச் செய்ததாகவும் இருக்கலாம், விற்பனைக்காகச் செய்ததாகவும் இருக்கலாம்.

எழுத்தோடு அளவையும் எழுதுங்கள். குழல்வாயின் உள்விட்டத்தை வெர்னியரில் எடுத்தால் பாதிக் குழப்பம் தீரும். தேய்மானம் சேர்த்து, 19 மில்லிமீட்டர் சுற்றி என்றால் பழைய சக்கிமுக்கிக் காலத்து மஸ்கெட் (உட்புறம் வழுவழுப்பான நீளத் துப்பாக்கி). 16.7 என்றால் 1857-க்குப் பிறகு சிப்பாய்களுக்கென்றே உட்புறம் வழுவழுப்பாகச் செய்து கொடுத்த என்ஃபீல்டு வகை. 14.7 என்றால் 577 என்ஃபீல்டு, அல்லது அதைப் பின்பக்கமாகத் தோட்டா போடும்படி மாற்றிய ஸ்னைடர் (577, 303, 410 போன்றவை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் சொல்லும் உள்விட்டம்). 11.4 மார்ட்டினி-ஹென்றி. 7.7 என்றால் 303. 10.4 அளவில், உட்புறத்தில் சுழல் வரிகள் இல்லாமல் இருந்தால் அது 410 மஸ்கெட். அதைப் பற்றிக் கீழே.

பூட்டுத் தகடு: கம்பெனி முதல் ராணி வரை

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியிலும் ஸ்னைடரிலும் முக்கியமான எழுத்தெல்லாம் வலப்பக்கப் பூட்டுத் தகட்டில், அதாவது குதிரை பொருத்திய இரும்புத் தகட்டில் இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியவற்றில் 1808 வரை இதய வடிவமும், அதை நான்காகப் பிரித்துக் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகளும், மேலே ஆங்கில எண் நான்கு போன்ற குறியும் இருக்கும். 1808 முதல் அதற்குப் பதிலாகப் பின்னங்காலில் எழுந்து நின்று கிரீடத்தைப் பிடித்திருக்கும் சிங்கம். இரண்டுமே ‘கம்பெனியின் சொத்து’ என்றுதான் சொல்கின்றன. செய்தவர் பெயர், இருந்தால், தனியாக இருக்கும். பார்னெட், வில்சன் போன்ற லண்டன் ஒப்பந்தக்காரர்கள் பெயரை இப்படிப் பார்க்கலாம்.

அதிகம் ஏமாற்றுவது ‘டவர்’ என்ற சொல். லண்டன் கோபுரத்தில் தொழிற்சாலை இருந்து அங்கே செய்தது என்று இதைப் படிக்கக் கூடாது. பர்மிங்காமிலும் லண்டனிலும் குழலுக்கு ஒரு பட்டறை, பூட்டுக்கு ஒன்று, கட்டைக்கு ஒன்று என்று பல கைகளில் செய்து, அரசு சோதித்து ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. கிரீடத்துக்குக் கீழே அகன்ற அம்புக் குறியும், கட்டையில் சோதனையாளர் முத்திரைகளும், குழலில் அரசுத் தேர்ச்சி முத்திரையும் சேர்ந்திருந்தால்தான் அது ராணுவத்துக்குப் போன துப்பாக்கி. ‘டவர்’ மட்டும் இருந்து, குழலில் பர்மிங்காம் தேர்ச்சிச் சாலையின் கிரீடமிட்ட குறுக்குச் செங்கோல்கள் இருந்தால் வணிகத்துக்காகச் செய்து கப்பலேற்றியது. அந்தச் சாலை 1813-ல் சட்டத்தால் அமைந்தது, ஆகவே அந்த முத்திரை உள்ள குழலின் தேர்ச்சி அதற்கு முந்தையது ஆகாது. ‘என்ஃபீல்டு’ என்று ஆண்டோடு இருந்தால் அது உண்மையிலேயே அரசுத் தொழிற்சாலையில் செய்தது.

டவர் வகையில் செய்தவர் பெயரைத் தேட உள்ளே போக வேண்டும். குதிரையைப் பாதி நிலையில் நிறுத்தி, இடப்பக்கத்தில் உள்ள இரண்டு நீளத் திருகுகளையும் நாலைந்து சுற்று மட்டும் தளர்த்துங்கள். தளர்ந்த திருகுத் தலைகளை மரக்கைப்பிடியால் மாற்றி மாற்றி மெல்லத் தட்டினால் தகடு எதிர்ப்பக்கத்தில் சமமாக எழும். பிறகே திருகுகளை முழுதும் எடுங்கள். ஸ்க்ரூடிரைவரை விளிம்பில் செருகி நெம்பினால் கட்டையின் ஓரம் சில்லு பெயர்ந்துவிடும். தகட்டின் உட்புறத்திலும் குழலின் அடிப்புறத்திலும் பட்டறைக்காரரின் முதலெழுத்துகள் இருக்கும். திருகிலும் வளையத்திலும் இரண்டு மூன்று அரக் கோடுகளோ ரோமன் எண்களோ இருந்தால் அவை பெயரல்ல. கையால் பொருத்திய உறுப்புகள் மாறிப் போகாமலிருக்கப் போட்ட அடையாளம்.

இந்த மாவட்டத்தில் பழைய துப்பாக்கி என்றால் குளச்சல் போரோடும் டிலனாயோடும் சேர்த்துப் பேசுவது இயல்பு. 1741-ல் திருவிதாங்கூருக்கும் டச்சுக் கம்பெனிக்கும் போர் நடந்தது, அதில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான டிலனாய் 1777-ல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். அந்த ஆண்டுகளை வைத்தே சோதிக்கலாம். கேப் வைத்து வெடிக்கும் பூட்டு பிரிட்டிஷ் படைக்கு வந்ததே 1830-களின் கடைசியில். ஆகவே கேப்புத் துப்பாக்கி அந்தக் காலத்தது ஆக முடியாது, சக்கிமுக்கியிலிருந்து மாற்றியதாக இருந்தாலொழிய. மாற்றியதா என்று பார்க்க, தகட்டில் குதிரைக்கு முன்னால் உள்ள பகுதியைச் சாய்வு வெளிச்சத்தில் பாருங்கள். மருந்துக் கிண்ணம், தீத்தட்டி, அதன் வில் ஆகியவற்றைப் பிடித்திருந்த திருகுத் துளைகளை இரும்பு போட்டு அடைத்து அரம் ஓட்டியிருப்பார்கள், வட்டமான நிழல் இரண்டு மூன்று தெரியும். குழலின் பக்கத்தில் பழைய தீத்துளைக்குள் திருகிய உருளையும் இருக்கும். டச்சுக் கம்பெனிச் சொத்து என்றால் பெரிய ‘வி’ எழுத்தின் இரு கைகளிலும் ‘ஓ’வும் ‘சி’யும் கோத்த குறியும், அதன் மேல் கம்பெனியின் கிளை இருந்த நகரின் முதலெழுத்தும் எதிர்பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாமுக்கு ‘ஏ’. அதுவும் சொந்தக்காரர் குறிதான். எந்தக் குறியும் இல்லாவிட்டால் ‘குளச்சல் போர்’ என்பதைக் கேட்ட செய்தி என்று மட்டும் பதிவில் எழுதுங்கள்.

மார்ட்டினி-ஹென்றியில் பூட்டுத் தகடு கிடையாது, ரிசீவரின் (குழலின் பின்முனை பொருந்தும் இரும்புப் பெட்டி) வலப்பக்கத்தில் கிரீடம், வி.ஆர். (விக்டோரியா ராணியின் எழுத்து), தயாரிப்பாளர், ஆண்டு. ‘பி.எஸ்.ஏ. அண்ட் எம். கோ’ என்றிருந்தால் அது பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனியின் 1873 முதல் 1897 வரையிலான பெயர். ஆண்டு அழிந்திருந்தாலும் அந்த ‘எம்’ எழுத்தே காலத்தைச் சொல்லிவிடும். 303-க்கு மாற்றியவற்றில் ‘எம்.இ.’ என்று சேர்ந்திருக்கும்.

303

குட்டைக் குழல் லீ-என்ஃபீல்டில், அதாவது 64 சென்டிமீட்டர் குழல் உள்ளதில், அடிக்கட்டை பொருந்தும் இரும்பு வளையத்தின் வலப்பக்கத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கிரீடம், அரசர் எழுத்து, தயாரிப்பாளர், ஆண்டு, மாதிரி. ‘இஷாப்பூர்’ என்று இருந்தால் வங்காளத்தில் 1904-ல் தொடங்கிய தொழிற்சாலை. அங்கே அரசர் எழுத்து ஜி.ஆர்.ஐ., கடைசி ‘ஐ’ இந்தியப் பேரரசர் என்பதற்கு. இங்கிலாந்தில் செய்ததில் வெறும் ஜி.ஆர். மட்டும். குடியரசான பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கமும் ‘ஆர்.எஃப்.ஐ.’ என்ற எழுத்தும் வந்தன. ‘லித்கோ’ ஆஸ்திரேலியா. அதன் கட்டையில் ‘ஸ்லாஸ்’ என்று இருந்தால் விளையாட்டுச் சாமான்கள் செய்த ஸ்லாசெஞ்சர் செய்த மரம் என்று பொருள், ரைபிளைச் செய்தவர் அவரல்ல.

லீ-என்ஃபீல்டின் நான்காம் மாதிரியில் இதே எழுத்து வளையத்தின் இடப்பக்கத்துக்குப் போய்விடும், அதுவும் போர்க்காலத்தில் குறியீடாக. ‘எம் 47 சி’ பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸின் ஷெர்லி தொழிற்சாலை. முதலெழுத்து எம் என்றால் இங்கிலாந்தின் நடுப்பகுதி, என் வடக்கு, எஸ் தெற்கு. ‘லாங் பிராஞ்ச்’ கனடா. ரிசீவர் இடப்பக்கத்தில் ‘யு.எஸ். பிராப்பர்ட்டி’ என்று பெரிதாக இருப்பது அமெரிக்கப் படைக்குச் செய்தது என்று தோன்ற வைக்கும். அது பிரிட்டனுக்குக் கடனுதவியாகப் போன சாவேஜ் கம்பெனி ரைபிள். கட்டத்துக்குள் சிறிய ‘எஸ்’ இருந்தால் உறுதி.

அகன்ற அம்புக்குக் கீழே ‘ஐ’ என்றால் இந்திய அரசின் சொத்து. ‘சி’க்குள் அம்பு கனடாவுடையது. இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டினால் படையிலிருந்து விற்று வெளியேற்றியது. ‘டி.பி.’ என்றால் அணிப்பயிற்சிக்கு மட்டும். முன்கட்டையில், மேகசினுக்குச் சற்று முன்னால் குறுக்கே ஒரு திருகு ஓடினால் அது இந்தியாவில் வலுப்படுத்திய அடையாளம். வளையத்தில் ‘என்ஃபீல்டு 1917’ இருந்து இந்தத் திருகும் இருந்தால் முரண்பாடு ஒன்றுமில்லை: அங்கே செய்தது, இங்கே பழுது பார்த்தது. குழலுக்குத் தனி ஆண்டு உண்டு, குழல் தேய்ந்தால் மாற்றுவார்கள். அதனால் ரிசீவர், குழல், போல்ட் கைப்பிடியின் பின்புறம், மூக்குத் தொப்பி (குழல்வாயை ஒட்டிய இரும்பு உறை) ஆகிய நான்கிலும் வரிசை எண்ணைத் தனித்தனியே எழுதி ஒப்பிடுங்கள். பொருந்தாத உறுப்பின் முத்திரையை ரைபிளின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

410 மஸ்கெட் என்பது இதே ரைபிளின் குழலை வரியில்லாமல் அகலமாக்கி, மேகசின் இடத்தில் மரக்கட்டை அடைத்து, ஒவ்வொரு தோட்டாவாகப் போடும்படி மாற்றியது. காவல், சிறைப் பணிக்கு இஷாப்பூரில் செய்தார்கள். வளையத்தில் வேறு தொழிற்சாலைப் பெயர் இருந்தாலும் பதிவில் இரண்டையும் எழுத வேண்டும். சதுர மூலை மேகசினும் 7.62 என்ற எழுத்தும் இருந்தால் அது 1960-களில் இஷாப்பூரிலேயே புதிதாகச் செய்த 2ஏ வகை.

கழற்றும்போது நடக்கும் பெரிய சேதம் ஒன்று. அடிக்கட்டையைப் பிடித்திருக்கும் நீளத் திருகின் முனை சதுரமானது, அது முன்கட்டையின் பின்புறத்தில் உள்ள தகட்டுக்குள் பொருந்தி நிற்கும். முன்கட்டையை எடுக்காமல் பின்னாலிருந்து அந்தத் திருகைச் சுழற்றினால் முன்கட்டை பிளந்துவிடும். மூக்குத் தொப்பி, வளையங்கள், விசைக்காப்பு, முன்கட்டை, கடைசியாக அடிக்கட்டை என்பதே வரிசை. ஸ்க்ரூடிரைவர் நுனி ஆப்பு போல் இல்லாமல் இருபுறமும் இணையாக, திருகின் பள்ளத்தை முழுவதும் நிரப்ப வேண்டும். திருகு அசையாவிட்டால் எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருங்கள். அப்போதும் அசையாவிட்டால் விட்டுவிடுங்கள். வெளியே உள்ள முத்திரைகளே பெரும்பாலும் போதும்.

போலி

பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லையிலுள்ள கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் பிரிட்டிஷ் ரைபிள்களைப் பார்த்துக் கையால் செய்தவை எங்கும் பரவியிருக்கின்றன. எழுத்தை அறியாமல் படமாகப் பார்த்துக் குத்தியதால் ‘என்’ திரும்பி நிற்கும், ‘என்ஃபீல்டு’ எழுத்துக்கூட்டல் தவறும், வரி கோணும். ஆண்டுகளையும் பொருத்திப் பாருங்கள். விக்டோரியா இறந்தது 1901, குட்டை லீ-என்ஃபீல்டு வந்தது அதற்குப் பின். ஆகவே குட்டை ரைபிளில் வி.ஆர். இருக்க வழியில்லை. எட்வர்டின் இ.ஆர். 1901 முதல் 1910 வரை மட்டும். நட்சத்திரமிட்ட மூன்றாம் மாதிரி 1916-ல் வந்தது, அதில் 1912 என்ற ஆண்டு இருந்தால் எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

பதிவுத் தாள்

ஒரு துப்பாக்கிக்கு ஒரு தாள். உள்விட்டம், குழல் நீளம், எழுத்துகள் அப்படியே, இடம், பட எண். தெளியாத எழுத்துக்குப் புள்ளி போடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். கீழே ஐந்து வரிகள்: செய்தவர், சொத்துக்காரர், சோதனை, தேர்ச்சி, பழுது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘முத்திரையில் உள்ளது’ அல்லது ‘அளவிலிருந்து ஊகம்’ என்று குறிக்க வேண்டும். செய்தவர் வரி காலியாகவே நிற்கும் தாள்கள் வரும். ‘டவர்’ வகையில் உள்ளே திறக்க முடியாவிட்டால் காலியாக விடுவதே சரி.

படம் எடுத்து முடித்ததும் கைரேகை போகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுங்கள். தோல் உறையிலோ கம்பளியிலோ சுற்றி வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடிக்கும். ஜூனிலும் அக்டோபரிலும் மழை தொடங்கும் வாரத்தில் மறுபடி துடைத்து எண்ணெய் போட்டு, தாளின் பின்புறம் தேதியை எழுதி வையுங்கள்.